நீண்டால் ஏறுமா, குறுகினால் ஏறுமா?

கைலாசபுரத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சென்ற மாதம் நமக்குக் கிடைத்தது. நான்கு பக்கக் கடிதம். மூன்றரைப் பக்கம் வீட்டுச் செய்தி. அரைப் பக்கம் கேள்வி. அந்த அரைப் பக்கத்துக்கு விடை தேடவே ஒரு மாதம் பிடித்துவிட்டது. காலம் தாழ்த்தியதற்கு அத்தாயார் நம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

செய்தியின் சுருக்கம் இது. கணவர் திருவெறும்பூரை அடுத்த கொதிகலன் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மூத்தவள் வீணை பயில்கிறாள். இளையவன் வெளியூரில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், ஒரு ஞாயிறு காலை திருப்பலிக்குப் புறப்பட மறுத்துவிட்டான். காரணம் கேட்டதற்கு, "அம்மா, உலகத்தில் உள்ளவை எல்லாம் நுண்ணிய இழைகள். இழை நீண்டால் ஆற்றல் ஏறும், குறுகினால் இறங்கும். அந்த ஒரு கணக்கில் எல்லாம் அடங்கிவிடும். இதில் கடவுளுக்கு என்ன வேலை?" என்றானாம். தந்தைக்குக் கோபம் வந்துவிட்டது. தாயார் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர். ஆயினும் அவர் வாயடைத்துப் போகவில்லை. கூடத்தில் இருந்த வீணையைக் காட்டி, "தம்பி, அக்காள் விரலை நகர்த்தித் தந்தியைக் குறுக்கக் குறுக்க அல்லவா சுருதி ஏறுகிறது? நீ நீண்டால் ஏறும் என்கிறாயே!" என்று கேட்டிருக்கிறார். "அது வேறு, இது வேறு" என்று சொல்லி எழுந்து போய்விட்டான் மகன்.

"அது வேறா, சாமி? வேறானால் எப்படி வேறு?" என்பதே அந்த அரைப் பக்கக் கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தாயாரின் கேள்வி அறியாமையில் பிறந்த கேள்வி அன்று. நீளத்துக்கும் ஆற்றலுக்கும் இடையே இயற்கையில் இரண்டு உறவுகள் உள்ளன. ஒன்று மகன் சொன்னது. மற்றொன்று தாயார் வீணையில் கண்டது. இழைக் கோட்பாடு என்று இன்று பேசப்படும் இயற்பியலில் அவ்விரண்டும் ஒரே இழையின் மேல் ஒரே வேளையில் செயற்படுகின்றன. மகனுக்குப் பாதி தெரியும். மற்றப் பாதி தாயாரின் கையில் இருந்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் நமக்கு வேலையே இருந்திராது.

வீணையிலிருந்தே தொடங்குவோம். தஞ்சை வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். விரலைக் குடத்தை நோக்கி நகர்த்தும்போது, அதிரும் தந்தியின் நீளம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. 12-ஆம் மெட்டில் விரலை வைத்தால் அதிரும் பகுதி ஏறத்தாழப் பாதியாகிறது. கீழ் ஷட்ஜம் மேல் ஷட்ஜமாகிறது. நீளம் பாதியானால் ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். நீளமும் அதிர்வெண்ணும் ஒன்றுக்கொன்று எதிர்விகிதத்தில் உள்ளன என்று பாடநூல்கள் கூறும்.

இவ்விதியை முழுமையாக எண்ணிட்டு வகுத்தவர் ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதை நம் வாசகர்களில் எத்தனை பேர் அறிவர்? பவோலா நகரப் புனித பிரான்சிஸ் நிறுவிய சிறியோர் சபையைச் சேர்ந்த குருவானவர் மரேன் மெர்சேன். பிரான்சு நாட்டவர். 1588-இல் பிறந்து 1648-இல் இறந்தார். பாரிசு நகரில் அவருடைய சிறு அறைக்கு அக்காலத்து அறிஞரெல்லாம் வந்துபோயினர். தெக்கார்த்தும் பாஸ்கலும் அவர்களுள் அடங்குவர். அதிரும் தந்தியைக் கண்ணால் எண்ண இயலாதே, அது அத்தனை விரைவாக அதிருமே என்று பிறர் தயங்கியபோது, மெர்சேன் சுவாமியார் மிக நீளமான கயிறுகளை இழுத்துக் கட்டினார். நீளம் மிகுந்தால் அதிர்வு மெதுவாகும் அல்லவா? மெதுவாக ஆடும் கயிற்றின் ஆட்டத்தை வாயால் எண்ணிவிடலாம். அவ்வாறு எண்ணி, நீளம் குறையக் குறைய எண்ணிக்கை எவ்விகிதத்தில் ஏறுகிறது என்று கண்டு, குறுகிய தந்திக்கும் அக்கணக்கையே செலுத்தினார். எவ்வளவு எளிய வழி! தந்தியின் இழுவிசையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரு மடங்காகும், தந்தியின் எடை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும் என்பனவும் அவர் 1636-இல் வெளியிட்ட பெருநூலில் உள்ளன. கலிலேயோவும் ஏறக்குறைய இதே முடிவுகளை 1638-இல் அச்சிட்டார்.

தந்தி ஆராய்ச்சிக்கு நம் ஊரும் புதிதன்று. காவிரிக்கு அப்பால் திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச் சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே வயலின் தந்தியையும் வீணைத் தந்தியையும் ஆராய்ந்து கொண்டிருந்தார். வீணையிலும் தம்பூராவிலும் குதிரையின் மேற்புறம் வளைந்து அகன்றிருப்பதால், ஐரோப்பியக் கருவிகளில் எழாத மேற்சுரங்கள் அவற்றில் எழுகின்றன என்று 1921-இல் எழுதினார். அது வேறு கதை. இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது ஓர் எச்சரிக்கை. சுருதி ஏறினால் ஆற்றலும் ஏறுகிறது என்று வீணையை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஓங்கி மீட்டிய மந்தர ஸ்தாயி, மெல்ல மீட்டிய தார ஸ்தாயியைக் காட்டிலும் மிகுந்த ஆற்றலைச் சுமக்கலாம். கூடத்து வீணையில் ஆற்றல் என்பது மீட்டும் கையின் வலிமையைப் பொறுத்தது. ஆனால் அணுவின் உலகுக்குள் இறங்கினால் நிலை மாறுகிறது. அங்கே ஆற்றலை வேண்டியமட்டும் சிறிதாகக் கிள்ளி எடுக்க முடியாது. நெல்லை மணி மணியாகத்தான் எடுக்க முடியும், அரை மணி எடுக்க முடியாது என்பது போல, ஆற்றலும் மணி மணியாகவே கிடைக்கிறது. அம்மணி ஒவ்வொன்றின் அளவும் அதிர்வெண்ணைப் பொறுத்தது என்று 1900-இல் கண்டவர் ஜெர்மானியரான மாக்ஸ் பிளாங்க். ஆகவே அங்கே சுருதி ஏறினால் ஆற்றல் மணியும் பெரிதாகிறது. இடம் குறுகினால் அலை குறுகும். அலை குறுகினால் அதிர்வெண் ஏறும். அதிர்வெண் ஏறினால் ஆற்றல் ஏறும். ஒரு துகளை எவ்வளவு சிறிய இடத்தில் அடைக்க முயல்கிறோமோ, அவ்வளவுக்கு அது மூர்க்கமாகத் துடிக்கிறது. பாதி இடத்தில் அடைத்தால் குறைந்தது இரு மடங்கு ஆற்றல் வேண்டும். தாயார் கண்ட உறவு இதுவே. அது கூடத்து வீணையில் பாதி உண்மை. அணுவுக்குள் முழு உண்மை.

இனி மகன் சொன்னது. ஒரு பொருளை இழுத்து நீட்டினால் அதில் ஆற்றல் சேர்கிறது என்பதைத் தொழிற்சாலையில் பணிபுரியும் தந்தையார் நன்கறிவார். எஃகு வில்சுருளை ஓர் அங்குலம் இழுக்க ஒரு விசை வேண்டுமானால், இரண்டு அங்குலம் இழுக்க இரட்டை விசை வேண்டும். நீட்டிப்பு இரட்டித்தால் சேமித்த ஆற்றல் நான்கு மடங்காகும். ஹூக் என்னும் ஆங்கிலேயர் 1678-இல் வெளியிட்ட விதி இது. இழுக்க இழுக்கப் பளு கூடிக்கொண்டே போகும்.

இழைக் கோட்பாட்டின் இழை அப்படிப்பட்டதன்று. மகன் இதைக் கவனித்திருப்பானோ, அறியோம். அதற்கு உவமை வில்சுருள் அன்று, கிணறு. நீர் நிறைந்த வாளியை ஒரு முழம் மேலே தூக்க எவ்வளவு உழைப்போ, பத்தாம் முழத்துக்கும் அதே உழைப்புத்தான். கை சோர்ந்து போகலாம். வாளியின் எடை மாறுவதில்லை. ஐந்து முழம் தூக்கியதற்கு ஐந்து பங்கு ஆற்றல். பத்து முழத்துக்குப் பத்து பங்கு. அவ்வாறே இந்த இழையை எவ்வளவு நீட்டினாலும் அதன் இழுவிசை மாறுவதில்லை. அது மெலிவதில்லை, தளர்வதில்லை, இறுகுவதும் இல்லை. நீட்டிய ஒவ்வொரு முழமும் முன்பிருந்த முழத்தைப் போன்றே இருக்கும். ஆகவே நீளம் இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். நான்கு மடங்கு அன்று. சரியாக இரு மடங்கு. இழையின் ஆற்றல் என்பது இழுவிசையை நீளத்தால் பெருக்கிய தொகை. கணக்கு அவ்வளவே.

இது வெறுங் கற்பனை என்று எண்ணிவிட வேண்டா. இத்தகைய இழை ஒன்று நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் இருக்கிறது. புரோட்டானுக்குள் குவார்க் எனப்படும் துகள்கள் உள்ளன என்று 1964-இல் கூறப்பட்டது. அக்குவார்க்குகளைப் பிரித்து எடுக்க முயன்றால், அவற்றுக்கிடையே உள்ள விசைப்புலம் ஒரு மெல்லிய கயிறுபோல் திரண்டு நீள்கிறது. அக்கயிற்றின் இழுவிசை ஏறத்தாழ 16 டன் எடைக்குச் சமம். சுமை ஏற்றிய லாரியின் எடை! அணுவிலும் மிகச் சிறிய ஒன்றின் உள்ளே! எவ்வளவு தூரம் பிரித்தாலும் அந்த 16 டன் குறைவதில்லை. இறுதியில் என்ன ஆகிறது? நீளத்தில் சேர்ந்த ஆற்றல் போதிய அளவு ஆனவுடன், கயிறு நடுவே அறுந்து, அறுந்த முனைகளில் புதிய குவார்க்கு ஒன்றும் அதன் எதிர்த்துகள் ஒன்றும் தோன்றிவிடுகின்றன. ஒரு கயிறு இரண்டு கயிறாகிறது. தனிக் குவார்க்கை எவரும் கையில் பிடித்ததில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

உண்மையில் இழைக் கோட்பாடு பிறந்ததே இங்கேதான். 1960-களில் துகள் ஆய்வுக்கூடங்களில் ஒரு புதிர் எழுந்தது. வலிய விசையால் ஆன துகள்களின் ஆற்றல் இரு மடங்கானால், அவற்றின் சுழற்சி நான்கு மடங்காக இருப்பதைக் கண்டனர். ஏன் நான்கு? 1968-இல் வெனெசியானோ என்னும் இத்தாலிய இளைஞர் அத்துகள்களின் மோதலுக்கு ஒரு சூத்திரம் எழுதினார். 1970-ஐ ஒட்டி நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகிய மூவரும் தனித்தனியே, அச்சூத்திரம் சுழலும் இழைக்கு உரியது என்று கண்டனர். அதன் கணக்கை நம் பள்ளி மாணவரும் போட்டுவிடலாம். இழை தன் நடுவைச் சுற்றிச் சுழல்கிறது; அதன் முனைகள் ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. நீளத்தை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். ஆற்றல்தானே எடை என்பதால் எடையும் இரட்டிக்கும். முனைகளின் வேகம் மாறாது. சுழற்சியின் அளவு என்பது எடை, வேகம், நீளம் மூன்றையும் பெருக்கியது. இரண்டை இரண்டால் பெருக்க நான்கு. புதிர் விடுபட்டது! நீளமும் ஆற்றலும் நேர்விகிதத்தில் இருந்தால் ஒழிய இந்த நான்கு வராது.

பின்னர், 1974-இல், ஷெர்க், ஷ்வார்ஸ் என்னும் இருவரும், ஜப்பானில் யோனெயாவும், இதே இழையை மிக மிகச் சிறியதாகவும் மிக மிக வலியதாகவும் கொண்டால் புவியீர்ப்பு விசையும் அதிலிருந்து கிடைக்கும் என்று காட்டினர். 1984-க்குப் பின் உலகெங்கும் இளைஞர்கள் இத்துறையில் குவிந்தனர். மகன் பேசுவது இந்த இழையைப் பற்றி. குவார்க்கின் கயிறு லாரியை இழுக்கும் என்றால், இவ்விழையின் இழுவிசையை டன்னில் எழுத 1-க்குப் பின் ஏறத்தாழ 39 சுழிகள் இட வேண்டும் என்று கணித்திருக்கின்றனர்.

இவ்விழைக்கும் வீணைத் தந்திக்கும் உள்ள பெரிய வேற்றுமையை இங்கே காண வேண்டும். ஒரு மீட்டர் வீணைத் தந்தி ஒரு கிராம் எடையுள்ளது என்று கொள்வோம். ஐன்ஸ்டைன் கணக்கின்படி அந்த ஒரு கிராமில் அடங்கிய ஆற்றல் இரண்டரைக் கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பிரடையைத் திருகித் தந்தியை இறுக்குவதால் நாம் சேர்க்கும் ஆற்றலோ, அதன் முன் கடலில் துளியும் ஆகாது. தந்தியின் எடை எஃகிலிருந்து வருகிறது, இறுக்கத்திலிருந்து அன்று. ஆனால் அடிப்படை இழையில் எஃகு ஏது? அதன் எடை முழுவதும் இறுக்கத்திலிருந்தே வருகிறது. நீளம் இருப்பதால் ஆற்றல். ஆற்றல் இருப்பதால் எடை. இதன் விளைவு ஒன்று வியப்பானது: வீணைத் தந்தியில் அலை வினாடிக்குச் சில நூறு மீட்டர் ஓடும்; அடிப்படை இழையில் அலை ஒளியின் வேகத்தில், வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும்.

நல்லது. இழுவிசை இவ்வளவு பெரிதாயின், இழை ஏன் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை? நீளம் குறைந்தால் ஆற்றல் குறையும். இயற்கையோ குறைந்த ஆற்றலையே நாடும். அப்படியானால் இழை புள்ளியாகச் சுருங்கிவிட வேண்டும் அன்றோ? மகன் கூறிய உறவு ஒன்றே உலகில் இருக்குமாயின் அதுதான் நடக்கும். இங்கே தாயாரின் வீணை வந்து கைகொடுக்கிறது. சுருங்கச் சுருங்க இழையின் துடிப்பு ஏறுகிறது. துடிப்பின் ஆற்றல் ஏறுகிறது. அது இழையை வெளியே தள்ளுகிறது. ஒன்று உள்ளே இழுக்கிறது, ஒன்று வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் இழை நிற்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இழுவையின் ஆற்றல் நீளத்துக்குச் சமம் என்றும், துடிப்பின் ஆற்றல் ஒன்றை நீளத்தால் வகுத்தது என்றும் கொள்வோம். நீளம் 4 எனில், இழுவைக்கு 4, துடிப்புக்குக் கால், மொத்தம் நாலேகால். நீளம் 2 எனில், இரண்டும் அரையும், இரண்டரை. நீளம் 1 எனில், ஒன்றும் ஒன்றும், 2. இன்னும் சுருக்கி நீளத்தை அரையாக்கினால், இழுவைக்கு அரை, துடிப்புக்கு 2, மீண்டும் இரண்டரை! கால் ஆக்கினால் மீண்டும் நாலேகால். 1 என்னும் நீளத்தில்தான் மொத்தம் மிகக் குறைவு. அதைவிட நீட்டினாலும் ஏறும். அதைவிடக் குறுக்கினாலும் ஏறும். குவார்க்குக் கயிற்றின் உண்மையான எண்களை இதே கணக்கில் இட்டால், கிடைக்கும் நீளம் புரோட்டானின் பருமனை ஒட்டி வருகிறது. நாம் தாளில் போட்ட தோராயக் கணக்கு இது. அறிஞர்களின் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆயினும் விடை அருகில் வந்து நிற்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

வாசகர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். 4-க்கும் காலுக்கும் ஒரே விடை. 2-க்கும் அரைக்கும் ஒரே விடை. இது தற்செயலா? இழைக் கோட்பாட்டில் இதுவே மிகப் பெரிய உண்மைகளுள் ஒன்று. திருவிழாக் கொடிமரத்தை மனத்தில் கொள்ளுங்கள். அதைச் சுற்றி ஓர் இழை வரிந்திருக்கிறது. மரம் பருத்தால் சுற்றும் நீளம் மிகும், ஆற்றலும் மிகும். அதே மரத்தைச் சுற்றி ஓர் அலை ஓடுகிறது. மரம் மெலிந்தால் அலை குறுகும், ஆற்றல் மிகும். பருத்த மரத்தின் வரிந்த இழையும் மெலிந்த மரத்தின் ஓடும் அலையும் ஒரே ஆற்றல் கணக்கைத் தருகின்றன. அலைக்கும் வரிதலுக்கும் இடத்தை மாற்றிவிட்டால், உள்ளே இருந்து பார்ப்பவனுக்குத் தான் இருப்பது பருத்த மரமா மெலிந்த மரமா என்று சொல்ல வழியே இல்லை! புள்ளியாகிய துகளுக்கு இது வாய்க்காது. புள்ளியை மரத்தில் வரிந்து கட்ட முடியாதே. இந்த இருமையை 1984-இல் கிக்காவா, யமசாகி என்னும் ஜப்பானியர் தொட்டுக் காட்டினர். 1987-இல் இதைப் பற்றி அமெரிக்க இயற்பியல் இதழில் எழுதியோருள் ஒருவர் பா. சத்தியபாலன். பின்னாளில் அவர் சென்னைத் தரமணியில், அல்லாடி இராமகிருஷ்ணன் 1962-இல் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கினார். இழை பற்றிய பேச்செல்லாம் கடல் கடந்தது என்று எண்ணும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. சிறியதைக் காண வேண்டுமானால் ஆற்றலைக் கூட்ட வேண்டும் என்பது இயற்பியலின் பழைய பாடம். ஆனால் இழையைக் கொண்டு இழையைக் காண முற்பட்டால், ஓர் எல்லைக்குப் பின் நாம் கூட்டும் ஆற்றல் இழையை நீட்டவே செலவாகிறது. கூரிய ஊசியால் குத்த எண்ணி, ஊசியே தடித்துப் போவது போன்ற நிலை. ஆகவே ஒரு குறிப்பிட்ட நீளத்தினும் சிறியது என்று ஒன்றைப் பேசுவதற்கே பொருள் இல்லாமற் போகலாம். அந்நீளம் ஒரு மீட்டரை 1-க்குப் பின் 34 சுழிகள் இட்ட எண்ணால் வகுத்ததை ஒட்டியது என்பது வழக்கமான மதிப்பீடு.

"போகலாம்" என்றும் "மதிப்பீடு" என்றும் எழுதுகிறோம், வேண்டுமென்றேதான் எழுதுகிறோம். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி இயங்கிவந்திருக்கிறது. அதனாலும் 19 சுழிகள் வரையில்தான் ஏறத்தாழ எட்டிப் பார்க்க முடிந்தது. எஞ்சிய 15 சுழிகள் இருட்டில் கிடக்கின்றன. குவார்க்குகளின் கயிறு சோதனையில் தேறிவிட்டது. புவியீர்ப்பைத் தரும் அடிப்படை இழையோ இன்றுவரை எந்தச் சோதனையிலும் அகப்படவில்லை. அதன் கணக்கு அழகானது என்பதில் ஐயமில்லை. அழகானது என்பதாலேயே மெய்யாகிவிடாது என்பதை அத்துறை அறிஞர்களே ஒப்புக்கொள்கின்றனர். எனவே "எல்லாம் அடங்கிவிடும்" என்று மகன் கூறியது, அவன் ஆசிரியர்கள் கூறத் தயங்கும் சொல்.

இதைக் கேட்டுத் தந்தையார் மகிழ்ந்துவிட வேண்டா. "பார்த்தாயா, உன் இழை நிரூபணம் ஆகவில்லை, ஆகவே கடவுள் உண்டு" என்று மகனிடம் சொல்லப் புறப்பட்டால் அதுவும் அதே தவறுதான். நாளைக்கே அந்த இழை சோதனையில் அகப்பட்டால் என் செய்வார்? இந்தக் குழியில் பெரியோரும் கால் வைத்ததுண்டு. அண்டம் ஒரு சிறு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்னும் கருத்தை 1931-இல் முன்வைத்தவர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்தர். 1951 நவம்பர் 22-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அறிவியல் கழகத்தார் முன் ஆற்றிய உரையில், அக்கருத்து படைப்புக்குச் சான்று பகர்கிறது என்னும்படி பேசினார். அனைவரிலும் மகிழ வேண்டியவர் லெமேத்தர் அல்லவா? அவரோ கவலையுற்றார். தம் கொள்கை அறிவியல் கொள்கை. அதை ஏற்பதும் மறுப்பதும் விசுவாசத்தைத் தொட வேண்டியதில்லை என்பது அவர் நிலை. மறு ஆண்டு உரோமையில் கூடிய வானியலறிஞர் முன் திருத்தந்தை பேசியபோது அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை. லெமேத்தர் 1960-இல் திருத்தந்தை அறிவியல் கழகத்தின் தலைவராகி, 1966-இல் இறக்கும்வரை அப்பணியில் இருந்தார்.

அவருக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே, உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் மட்டும் நிரூபிக்க இயலாது என்று புனித தோமாஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். படைப்பு என்பது அவர்க்கு முதல் நாளில் நடந்து முடிந்த ஒரு வேலை அன்று; உள்ள பொருள் ஒவ்வொன்றும் உள்ளதாய் இருப்பதற்கே இறைவனைச் சார்ந்து நிற்பது. இழை எவ்வளவு நீண்டால் எவ்வளவு ஆற்றல் என்பதற்கு விடை சொல்லும் கணக்கு, இழை என ஒன்று ஏன் இருக்கிறது என்பதற்கு விடை சொல்ல முற்படுவதே இல்லை. மகன் அந்தக் கணக்கை எவ்வளவு ஆழமாகக் கற்றாலும் நமக்கு மகிழ்ச்சியே. அவனைப் படிப்பிலிருந்து விலக்கித் திருப்பலிக்கு அழைத்துவர எண்ண வேண்டா என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். ஞாயிறன்று எழுப்பாமல் விடுங்கள் என்று இதற்குப் பொருள் அன்று!

தாயாருக்கு ஒரு வேலை தருகிறோம். அடுத்த விடுமுறையில் மகனையும் மகளையும் வீணையருகே உட்கார வையுங்கள். குதிரையிலிருந்து மேருவரை தந்தியின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். பிறகு குதிரையிலிருந்து 12-ஆம் மெட்டுவரை அளக்கச் சொல்லுங்கள். மெர்சேன் சுவாமியாரின் விதிப்படி அது சரிபாதியாக இருக்க வேண்டும். நன்கு சுருதி கூட்டி மெட்டு வைத்த வீணையில் அது சரிபாதியாக இராது. பாதிக்கு இம்மியளவு கூடுதலாகவே இருக்கக் காணலாம். விரலால் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி சிறிது நீள்கிறது; இறுக்கமும் சிறிது ஏறுகிறது; சுருதியும் அதனால் சற்று உயர்ந்துவிடுகிறது. அதை ஈடுசெய்ய மெழுகில் மெட்டைப் பதிக்கும் தொழிலாளி, காதால் கேட்டே, அதை இம்மியளவு தள்ளி வைக்கிறார். எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். நீளத்தால் இறங்குவது எவ்வளவு, இறுக்கத்தால் ஏறுவது எவ்வளவு என்று கணக்கிட்டு மகன் அனுப்பினால், அவன் பெயரைக் குறிப்பிடாமல், அக்கணக்கை இப்பகுதியில் வெளியிடுவோம்.